மூச்சு விடாத ஹிந்தோளம்

சரண்ஜித் சிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சிகாகோவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1987-ல் அங்கே ஃப்யூச்சர் என்ற குழு 'ஆஸிட் ட்ராக்ஸ்' இசைத்தட்டை வெளியிட்டு, ஆஸிட் ஹவுஸ் என்ற நடன இசைக்கு வழி திறந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே பம்பாயில் ஒரு சினிமா வாத்தியக்காரர் அதே இயந்திரத்தில் அதே மாதிரிச் சப்தத்தை எழுப்பிவிட்டார். ஆகவே அவர் முன்னோடி. ஆகவே அவர் முக்கியமானவர். இந்த இரண்டாவது 'ஆகவே'தான் எனக்கு உறுத்துகிறது.

தட்டின் பெயர் 'ஸிந்தஸைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. 1982-ல் ஹெச்.எம்.வி. முத்திரையோடு வந்தது. விற்கவில்லை. 2002-ல் எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் கையில் ஒரு பிரதி கிடைத்து, 2010-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. இது யாரோ இன்றைய ஆள் செய்த போலி என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். சிங் அதற்குப் பிறகு ஐரோப்பிய மேடைகளில் வாசித்துவிட்டு 2015-ல் காலமானார். இடைப்பட்ட வருஷங்களில் அவர் ஜீவனம், கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்தது.

குழு என்று சொல்வதானால் ஒரு மனிதர், மூன்று ரோலண்ட் இயந்திரங்கள். ஜூபிடர்-8-ல் ராகம், டி.ஆர்.-808-ல் தாளம், டி.பி.-303-ல் அடிநாதம். இந்தக் கடைசிப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேஸ் கிடார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்காக ஜப்பானியர்கள் செய்தது. பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, அதனால் வியாபாரத்தில் தோற்று 1984-ல் நிறுத்தப்பட்டது. பதினாறு படிகளில் ஸ்வரங்களைப் பதித்துவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வழுக்கிக்கொண்டு போகவும் அதற்குத் தெரியும். அந்த வழுக்கலில் நம் ஜாருவின் சாயல் இருக்கிறது. செய்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சிங் யார்? ஹிந்தி சினிமா இசைக் கூடங்களில் மற்றவர்கள் சொன்ன ஸ்வரத்தை வாசித்துக் கூலி வாங்கிய கிடார்க்காரர், பேஸ் கிடார்க்காரர். தன் வேலையைப் பறிக்க வந்த பெட்டியை அவரே காசு கொடுத்து வாங்கி வந்து ராகம் வாசிக்க வைத்தார். வங்கிகளில் இயந்திரங்களை நுழைப்பது பற்றிய ஒப்பந்தம் 1983-ல் கையெழுத்தானது. அதற்கு முந்திய போராட்டங்களைப் பற்றி மூத்த குமாஸ்தாக்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் பெட்டி எதிரி, அல்லது எஜமானன். அதை வாத்தியமாக நினைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

மாரமங்கலத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எங்கள் கிளையின் கடைநிலை ஊழியர் எப்போதாவது வருவார். தகப்பனார் நாதஸ்வரக்காரர். சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் மழை இரைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்ன ராகம் என்று சொல்லாமல் மால்கௌன்ஸை அவருக்குப் போட்டுக் காட்டினேன். சிகாகோ பற்றி அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஹிந்தோளந்தான் சார். சுத்தமா இருக்கு. ஆனா மூச்சு விட எடமே வைக்கலியே இந்த ஆளு?"

இந்தத் தட்டைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு துல்லியமான வாக்கியம் இல்லை. இசைத்தட்டின் பலமும் பலவீனமும் அதில் வந்துவிட்டன. ஆலாபனை என்பது நிற்பது, தயங்குவது, திரும்பிப் பார்ப்பது. 808 நிற்காது. அதனால்தான் லலித்தும் தோடியும் (நம் சுபபந்துவராளி) இதில் நசுங்கிப்போகின்றன. அவற்றுக்கு அவகாசம் வேண்டும், டிஸ்கோ அதைக் கொடுக்கவில்லை. பூபாலி, கலாவதி, மால்கௌன்ஸ் போன்ற ஐந்து ஸ்வர ராகங்களின் கதை வேறு. மோகனம், வலஜி, ஹிந்தோளம் என்று நாம் சொல்லும் இவை வேகத்தில் தங்கள் எலும்புக்கூட்டைக் காட்டிக்கொண்டு எழுந்து நிற்கின்றன. கீழே 303 நகரும் தம்புரா மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. ராகத்துக்கு இயந்திரத்தால் எதைக் கொடுக்க முடியும், எதைக் கொடுக்கவே முடியாது என்று இரண்டையும் ஒரே தட்டில் காட்டியவர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதையெல்லாம் 1982-லேயே இங்கே யாராவது சொல்லியிருக்கலாம். தட்டு கடையில்தான் இருந்தது. சாஸ்திரீய ரசிகருக்கு அது டிஸ்கோ, டிஸ்கோ ரசிகருக்கு ராகம். இருவரும் அட்டையைப் பார்த்ததோடு சரி. 28 வருஷம் கழித்து ஆம்ஸ்டர்டாமிலிருந்து சான்றிதழ் வந்ததும் 'நம்மவர்' என்று கொண்டாடுகிறோம், அதுவும் சிகாகோவுக்குத் தகப்பன் என்ற உறவுமுறையில். சிகாகோக்காரர்கள் இவரைக் கேட்டதே இல்லை. மலிவாகக் கிடைத்த பழைய பெட்டியைத் திருகித் திருகி அவர்களாகவே கண்டுபிடித்தார்கள். ஒருவருக்கொருவர் எந்தப் பாத்தியதையும் இல்லை.

ஊழியர் போகும்போது, அந்த மோகனத்தை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மலையில் சிக்னல் கிடைத்து அது போய்ச் சேர மறுநாள் காலை ஆயிற்று.