கண்ணாடி அறையில் ஒரு கட்டில்

இங்கிலாந்தில் சாதாரணத் தெருக்களில் இருக்கும் வீடுகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பல வீடுகளில் தோட்டத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறை நீட்டிக்கொண்டு நிற்கும். கன்சர்வேட்டரி என்று பெயர். இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேலே சுற்றிலும் கண்ணாடி. கூரையும் கண்ணாடி, இல்லாவிட்டால் பாலிகார்பனேட் தகடு. விளம்பரப் படத்தில் இளவெயில், பிரம்பு நாற்காலி, கையில் தேநீர்! நிஜத்தில் ஜூலையில் அடுப்பு, ஜனவரியில் ஃபிரிட்ஜ். மற்ற மாதங்களில் துணி காயப்போடவும் பழைய சைக்கிளை நிறுத்தவும்தான் பல வீடுகளில் அது பயன்படுகிறது.

ஏன் இப்படி? இந்த அறை மனிதர்களுக்காகப் பிறந்ததே இல்லை என்பதுதான் விஷயம். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஆரஞ்சு, எலுமிச்சை மரங்கள் பனியில் சாகாமல் இருக்கப் பணக்காரர்கள் கட்டிய இடம் இது. லண்டன் கென்சிங்டன் அரண்மனையில் ஆன் ராணிக்காக 1704-ல் இப்படி ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். 1845-ல் கண்ணாடி மீதான வரி நீங்கியதும் கண்ணாடிக் கட்டடங்கள் பெருகின. கியூ தோட்டத்தின் பனைமர இல்லம் 1848-ல் முடிந்தது. பிறகு மெல்ல மெல்ல நடுத்தரக் குடும்பங்களின் கொல்லைப்புறத்துக்கும் வந்து சேர்ந்தது. செடிக்கு வெளிச்சமும் உறையாத அளவு சூடும் போதும். மனிதனுக்குப் போதுமா?

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கையறைகள் எல்லாம் மாடியில். பாட்டிக்கு மூட்டு வலி, இனி படியேற முடியாது. கீழே வேறு அறை இல்லை. எல்லோர் கண்ணும் அந்தக் கண்ணாடி அறைக்குத்தான் போகும். "ஒரு ஹீட்டர் வைத்தால் ஆயிற்று" என்று யாராவது சொல்வார்கள். ஆகாது. சின்னக் கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டர் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் தப்பிக்கிறது என்பதை யூ-மதிப்பு என்பார்கள். பழைய பாலிகார்பனேட் கூரைக்கு அதை 2.4 என்று வைத்துக்கொள்வோம். கூரை 12 சதுர மீட்டர், உள்ளே 20 டிகிரி, வெளியே 0. கூரை வழியாக மட்டும் 576 வாட் போய்க்கொண்டே இருக்கும்! 2022 ஜூனில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த விதி, வீட்டை நீட்டிக் கட்டும்போது புதிய கூரைக்குக் கேட்கும் மதிப்பு 0.15. அப்படிப்பட்ட கூரையில் இழப்பு 36 வாட்தான். உலக சுகாதார நிறுவனம் 2018-ல், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்கட்டும் என்று சொன்னது. வயதானவர்களுக்குக் குளிர் வெறும் அசௌகரியம் இல்லை. இரத்த அழுத்தத்தையும் நுரையீரலையும் பதம் பார்த்துவிடும்.

சரி, பழைய கூரைக்குக் கீழே பஞ்சு வைத்துப் பலகை அடித்துவிட்டால்? செலவு குறைவுதான். ஆனால் மூச்சிலும் ஈரத்துணியிலும் இருந்து கிளம்பும் நீராவி இடுக்கு வழியாக மேலே போய், குளிர்ந்த தகட்டில் பட்டுத் தண்ணீராகும். கொஞ்ச நாளில் பஞ்சு நனையும், பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் பஞ்சுக்குக் கீழே, அறைப் பக்கமாக, நீராவி புகாத தாள் ஒன்றை இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் எடை. கண்ணாடி அறைகள் பலவற்றின் அஸ்திவாரம் ஆழம் குறைந்தது. அதன் மேல் ஓட்டுக் கூரையை ஏற்றலாமா என்று முதலில் தோண்டிப் பார்க்க வேண்டும். தரைத்தளத்தில் 30 சதுர மீட்டருக்குள், வெளிவாசல் தரத்தில் கதவு, தனி வெப்ப ஏற்பாடு என்று இருக்கும்வரை இங்கிலாந்தின் கட்டட விதிகள் பெரும்பாலும் கன்சர்வேட்டரியைத் தொடுவதில்லை. இடைக்கதவை எடுத்தாலோ, கெட்டிக் கூரை போட்டாலோ அந்தச் சலுகை போய்விடும். ஒப்புதல் வாங்காமல் விட்டால் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் கேட்பார்!

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஓர் இழப்பு உண்டு. கூரை மூடியதும் பின்னால் இருக்கும் சமையலறை இருட்டாகிவிடும். அதன் ஜன்னல் இந்த அறைக்குள்தானே திறக்கிறது! கூரையில் ஒன்றிரண்டு ஜன்னல் வைத்துக் கொஞ்ச வெளிச்சத்தை மீட்கலாம், முழுவதையும் அல்ல. வானம் பார்க்கிற அறையும் குளிர்காலத்தில் தூங்குகிற அறையும் ஒன்றாக இருப்பது கடினம். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க வேண்டும்.

ஆகவே கொத்தனாரைக் கூப்பிடும் முன் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஜனவரி விடியற்காலை ஒரு தடவை, ஜூலை மதியம் ஒரு தடவை அந்த அறையில் பாருங்கள். பிறகு இந்த அறை யாருக்கு என்று வீட்டில் பேசுங்கள். செடிக்கு என்றால் அப்படியே விட்டுவிடலாம், அது அதன் வேலையைத்தான் செய்கிறது. பாட்டிக்கு என்றால் கூரையை மாற்றத்தான் வேண்டும். அவருக்கு வானம் முழுவதும் தேவையில்லை. கட்டிலில் படுத்தபடி தோட்டம் தெரிய ஒரு ஜன்னலும், இராத்திரி கால் சில்லிடாத ஓர் அறையும் போதும்.