பெயரில்லாக் கல்லறை

சென்ற கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்காக ஒரு மாதம் உழைத்தேன். பாடகர்களைத் திரட்டியவன் நான். ஒத்திகைக்கு இடம் தேடி அலைந்தவன் நான். அச்சிட்ட நிகழ்ச்சித் தாளில் மட்டும் என் பெயர் இல்லை. அன்றிரவு பெங்களூர்க் குளிரில் விடுதிக்கு நடந்து வந்தேன். இறைமகன் மாட்டுத் தொழுவில் பிறந்ததைப் பற்றி ஒரு மணி நேரம் பாடியவன், ஒரு வரி அச்செழுத்துக்காக மனம் குமுறினேன். இதைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் சென்றேன். எங்கள் ஊர் களக்காட்டுக்கு அருகில். அங்கிருந்து டோனாவூருக்கு அதிகத் தொலைவில்லை. சிறு வயதில் பலமுறை கண்ட இடந்தான். ஆயினும் அன்றுதான் உள்ளபடியே கண்டேன்.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-இல் இந்தியா வந்து முதலில் பணி தொடங்கியது, நண்பர்களே, நம் பெங்களூரில்தான்! மறு ஆண்டு திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றார், தமிழ் கற்றார், சேலை உடுத்தார். கோயில்களுக்கு விடப்படும் ஆபத்தில் இருந்த சிறுமியருக்கு 1901 முதல் டோனாவூரில் தாயானார். பிறகு ஆண் குழந்தைகளும் சேர்ந்தனர்; மருத்துவமனையும் எழுந்தது. இத்தனைக்கும் பணம் வேண்டுமென்று மனிதரிடம் அவர் முறையிட்டதில்லை. கடவுளிடம் கேட்பார், பின்பு தம் வேலையைப் பார்ப்பார். அவருடைய நம்பிக்கை கைகட்டி உட்கார்ந்திருந்த நம்பிக்கையன்று.

1931-இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். குணமாக வேண்டுமென்று எத்தனையோ பேர் ஜெபித்தனர். குணமாகவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் தம் அறையிலேயே கிடந்தார். கிடந்தபடியே நூல்கள் எழுதினார். 1951 ஜனவரியில் மறைந்தார். கல்லறைக்கல் வேண்டாமென்று சொல்லியிருந்தார். ஆகவே அங்கே இருப்பது பறவைகள் நீர் அருந்தும் ஒரு கல்தொட்டி. அதில் அவர் பெயரில்லை. பிள்ளைகள் அவரைத் தாயென்று அழைத்த ஒரு சொல் மட்டும் உண்டு. அதன் முன் நின்றபோது, என் நிகழ்ச்சித் தாள் நினைவுக்கு வந்தது.

பாடம் முடிந்துவிட்டது என்று எண்ணித் திரும்பினேன். முடியவில்லை. பிப்ரவரியில் அம்மாவுக்கு இருதயக் கோளாறு என்று அப்பா தொலைபேசியில் சொன்னார். தண்டுப் பகுதியில் நான் செல்லும் தமிழ்ச் சபையில் அன்றே முழங்காலிட்டேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? "ஆண்டவரே, அம்மாவைப் பிழைக்க வையும், இன்னின்னது செய்கிறேன்" என்று பேரம் பேசினேன். கடைக்காரனிடம் பேசுவதுபோலக் கடவுளிடம் பேசினேன்!

அறுவைக்கு முந்தின இரவு அம்மாவின் கட்டிலருகே அமர்ந்திருந்தேன். என் கை நடுங்குவதைக் கண்டு அவள் சொன்னாள்: "எய்யா, டாக்டர் அவர் வேலையைப் பாக்கட்டும். நீ ராத்திரி சாப்பிட்டியா?" அவ்வளவுதான். பின் ஜெபம் செய்துவிட்டு உறங்கிவிட்டாள். நான்தான் விழித்திருந்தேன். பிழைப்போம் என்ற உறுதியால் அவள் உறங்கவில்லை. எது நேர்ந்தாலும் தன்னைத் தாங்கும் கை ஒன்று உண்டு என்ற அமைதியால் உறங்கினாள். டோனாவூர் அறையில் இருபது ஆண்டுகள் குடியிருந்ததும் அதே அமைதிதான் என்று அன்று விளங்கிற்று.

அம்மா வீடு திரும்பிவிட்டாள். எனினும் அடுத்த மாதம் மீண்டும் சோதிக்க வேண்டும் என்கின்றனர். முடிவு எப்படி இருக்குமோ, அறியேன். இப்போது பேரம் பேசுவதில்லை. "உம் சித்தம்" என்று சொல்லப் பழகுகிறேன். சில நாள் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தாழ்மை என்பது தன்னை இகழ்வதன்று; தன்னையே எண்ணிக்கொண்டிராமை. தன் பெயரைத் தானே தாங்கித் திரிபவனுக்குப் பிறர் தாங்குவார் என்ற நம்பிக்கை எங்கிருந்து வரும்? வள்ளுவரும் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். எச்சமயத்தவராயினும் நாம் பயில வேண்டிய பாடம் இது.

நான் தேறிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். நம் சங்க விழாவில் நாற்காலி அடுக்கும் வேலையை மகிழ்வோடுதான் ஏற்றேன். ஆனால் அழைப்பிதழ் கைக்கு வந்ததும், முதலில் என் பெயரைத்தான் தேடினேன்!