வளர்ந்தவருக்குப் பாடம் சொல்லுதல்

அரியலூருக்குச் சமீபத்திலுள்ள கல்லங்குறிச்சியின் பெயர் பூகர்ப்ப சாஸ்திரிகளுக்கு உலகெங்கும் தெரியும். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்த காலத்தில் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கிற்கு அவர்கள் இவ்வூரின் பெயரையே இட்டிருக்கிறார்கள். அந்தக் கல்லை நம்பி 1979-இல் அரியலூரில் அரசாங்கத்தின் சிமெண்டு ஆலை வந்தது. பின்னர் சுற்றுவட்டாரத்தில் தனியார் ஆலைகளும் எழுந்தன. அவற்றையும் சுரங்கங்களையும் கட்டட வேலைகளையும் நாடிப் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா முதலிய தூரதேசங்களிலிருந்து வாலிபர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலருக்குக் கல்லங்குறிச்சியிலுள்ள என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வேலை முடிந்த மாலை நேரங்களில் தம் வீட்டுத் திண்ணையில் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறார். வகுப்பு என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். ஆனாலும் கல்விச் சாலைகளில் நான் காணாத சில விஷயங்களை அங்கேதான் கண்டேன்.

அந்த மாணாக்கர்களில் ஒருவர் டீக்கடைக்குப் போய், கல்லாவில் இருந்த பாட்டியம்மாளிடம், "ஏய், டீ குடு" என்று சொல்லி வசை வாங்கிக்கொண்டு வந்தார். அவர் மீது துளியும் குற்றமில்லை. வந்த நாள் முதல் மேஸ்திரி அவரிடம், "ஏய், வா, ஏய், தூக்கு, ஏய், போ" என்று பேசிய தமிழ் ஒன்றே அவர் காதில் விழுந்திருக்க, அதுவே தமிழரின் உபசார வார்த்தை என்று அவர் நம்பியதில் என்ன ஆச்சரியம்? நண்பர் இதற்காக மரியாதைப் பன்மை என்று இலக்கணப் பாடம் எதுவும் நடத்தவில்லை, இருபது வயதுப் பையனானாலும், "வாங்க, உட்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரையும் வரவேற்றார். நாளடைவில் அவர்களும் அவரை அதே வார்த்தைகளால் வரவேற்றார்கள். வளர்ந்தவன் ஒரு பாஷையைப் புத்தகத்திலிருந்து கற்பதைவிட, தன்னை அதில் எப்படி அழைக்கிறார்களோ அதிலிருந்தே அதிகமாகக் கற்கிறான் என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறான ஒரு துன்பத்தை நல்லெண்ணமுள்ளவர்கள் செய்கிறார்கள். வடக்கத்தியரைக் கண்டவுடன் குரலை உயர்த்தி, வாக்கியத்தை முறித்து, நாடகத்துச் சேட்டுகளுக்கென்று நாமே கற்பித்த 'நம்பள், நிம்பள்' பாஷையில் பேசினால் அவர்களுக்குச் சுலபமாக விளங்கும் என்று எண்ணுகிறார்கள். செவிடனுக்குத்தான் உரத்த குரல் வேண்டும். என் நண்பரோ ஊரார் பேசும் தமிழையே சற்று நிதானமாகப் பேசுவார். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை, வெற்றிலை போட்டுக்கொண்டு, சும்மா இருப்பார். "புரிந்ததா?" என்று மட்டும் கேட்கவே மாட்டார், கேட்டால், புரியாதவரும் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். "அப்படியானால் செய்து காட்டுங்கள்" என்பார்.

அரிச்சுவடியை அவர் தொடவேயில்லை. ஊரில் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பனாக இருப்பவரை அணிலுக்கும் ஆட்டுக்கும் முன் உட்காரவைப்பது அவமரியாதை அல்லவா? 1963-இல் பிரேசில் தேசத்து அங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 பேருக்கு எழுத்தறிவித்த பாவ்லோ பிரெய்ரே, முதலில் தொழிலாளரின் சம்பாஷணையைக் கேட்டு, அவர்கள் வாழ்வில் புழங்கும் சொற்களைப் பொறுக்கியெடுத்து, அவற்றிலிருந்தே எழுத்தைத் தொடங்கினார். கல்லங்குறிச்சித் திண்ணையிலும் சம்பளம், பிடித்தம், அட்வான்ஸ், அபாயம், வெடி என்பனவே முதற் பாடம். சுரங்கத்தில் வெடிவைக்கும் நேரத்தை எழுதிய பலகையை வாசிக்கத் தெரிவது உயிர் சம்பந்தப்பட்ட வித்தை.

பெரம்பலூருக்கு அருகே துறைமங்கலத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இந்த வாலிபர்களுக்கு உள்ள பாஷை இடையூறு இல்லை. ஆயினும் அங்கே பாடம் சொல்லப் போகிறவருக்கு வேறொரு ஜாக்கிரதை தேவை. பாஷைப் புத்தகங்களில் முதல் அத்தியாயத்திலேயே வரும் "உங்கள் வீடு எங்கே? குடும்பத்தில் எத்தனை பேர்?" என்னும் நிரபராதமான கேள்விகள், 1983 கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த ஒருவருக்கு எத்தகைய கேள்விகள்! அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் சந்தை நிலவரம் பேசலாம்.

ஒருநாள் நண்பர் தம் மாணாக்கர்களைக் கல்லங்குறிச்சியிலுள்ள கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனார். அங்கே மூலஸ்தானத்தில் இருப்பது ஆஞ்சநேயர் உருவம் செதுக்கிய உயர்ந்த கற்கம்பம். முதல் விளைச்சலைக் கொண்டுவந்து செலுத்தும் குடியானவர்களுக்கு அதுவே பெருமாள். பீகாரத்து மாணாக்கர்களுக்கு அந்த உருவத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர்களே தங்கள் ஊரில் மகாவீரர் எனப்படும் அந்த ஆஞ்சநேயரைப் பற்றி, வேற்றுமை உருபுகள் தாறுமாறாகச் சிதற, பேசித் தீர்த்தார்கள். நண்பர் ஒரு பிழையையும் திருத்தவில்லை. இலக்கண வாத்தியாருக்கு அது எத்தனை பெரிய தவம் என்பதை அந்த ஜாதியைச் சேர்ந்தவர்களே அறிவார்கள்.

கேரளத்தில் 2017-இல் அரசாங்கத்தின் எழுத்தறிவு இயக்கமே பெரும்பாவூரில் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைத் தொடங்கி, வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்கப் பாடப்புத்தகமும் தந்தது. நம் திண்ணைப் பள்ளிக்குப் புத்தகமும் இல்லை, மணியும் இல்லை. ஆலையில் ஷிப்டு மாறும் வாரங்களில் வகுப்பு இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பமாகிறது. நண்பரின் சம்சாரம் அதற்கு இன்னும் சம்மதம் தெரிவிக்கவில்லை.