கப்பலோட்டியவரின் காகிதங்கள்

அமெரிக்கக் கடற்படையின் ஆதி வீரர்களில் ஒருவரான ஜான் பால் ஜோன்ஸ் 1792-ம் வருஷம் பாரிஸ் நகரில் ஆதரவின்றி இறந்தார். நூறு வருஷங்களுக்கு மேல் கழித்து, 1905-ல், அமெரிக்கர் அவருடைய உடலைத் தேடிக் கண்டெடுத்துத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் வாஷிங்டன் காங்கிரஸ் புத்தகசாலையில் பத்திரமாய் இருக்கின்றன. அந்த ஜாக்கிரதையை நான் மெச்சுகிறேன். கொஞ்சம் பொறாமையும் உண்டு.

1906-ல் அன்னபோலிஸ் நகரில் அவருக்கு மரியாதை நடந்தது. அதே வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை பீரங்கி பிடித்தவரல்லர், வக்கீல். ஆயினும் வெள்ளையர் கம்பெனியைக் கடலிலேயே எதிர்த்து நின்றவரைத் தளபதி என்னாமல் வேறென்ன சொல்வது?

1908 ஜூலையில் தண்டனை பெற்ற அவர் எங்கள் கோயமுத்தூர்ச் சிறைக்கு வந்தார். 1910 டிசம்பர் வரை இங்கேதான் வாசம். மாடு இழுக்கும் செக்கை மனிதன் இழுத்த கதையைக் கொங்கு நாட்டுக் குழந்தைகளும் அறியும். அந்தச் செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். செக்கிழுத்த கை எழுதவும் செய்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஜேம்ஸ் ஆலனின் நூலொன்றை அவர் தமிழாக்கிய 'மனம்போல வாழ்வு' 1909-ல், அவர் சிறையில் இருக்கும்போதே வெளியாயிற்று. செய்யுளில் அமைந்த அவருடைய சுயசரிதையோ, அவர் 1936-ல் காலமாகிப் பத்து வருஷங்களுக்குப் பின்னரே அச்சேறியது.

பழைய காகிதத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன். தென்னாப்பிரிக்கத் தமிழர் பிள்ளையவர்களுக்கென்று திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. 1915-ல் பிள்ளையவர்கள் சென்னையில் வறுமையில் வாடினார். இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. பணம் வந்து சேரவே இல்லை என்று பின்னாளில் பலர் பேசினர், எழுதினர். வம்புக்குக் கால் அதிகம்! 1916 ஆரம்பத்தில் 347 ரூபாய் 12 அணா கைக்குக் கிடைத்தது என்பதைக் கடிதங்களே தெரிவிக்கின்றன. ஸ்ரீ ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றை ஆராய்ந்து ஒரு தனி நூலே எழுதியிருக்கிறார். இரண்டு பெரியோர்களின் மானத்தை அந்தக் காகிதங்கள் காத்தன. அவை அடுப்பெரிக்கப் போயிருந்தால்?

விடுதலைக்குப் பிறகும் பிள்ளையவர்கள் சில காலம் கோவையில் வசித்தார். சிறையில் இருந்தபோது அவருக்கு உதவிய வக்கீல் சி. கே. சுப்பிரமணிய முதலியார், பெரிய புராண உரையாசிரியர், இவ்வூர்க்காரரே. ஆகவே நம் வீட்டுப் பரண்களில் என்ன கிடக்கிறதென்று யார் கண்டது?

சென்ற மாதம் எங்கள் தெருவில் பழைய காகித வியாபாரி ஒருவர் தகரப் பெட்டி நிறையக் கடிதங்களைத் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தார். விற்ற வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, எடைக்கு எடை விலை கொடுத்து வாங்கி வந்தேன். இதுவரை படித்ததில் பஞ்சு விலையும் கல்யாணப் பேச்சும்தான் இருக்கின்றன. பாதிக் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.