தம்பியின் வண்டியும் நமது எண்ணெயும்

எண்ணெய் கெட்டியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு நல்லது என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம். தகப்பனார் வைத்திருந்த அம்பாஸடர் காருக்கு 20 டபிள்யூ 50 என்னும் குழம்பு போன்ற எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். அந்த வண்டியும் 20 வருஷம் ஓடிற்று. வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

இந்த அபிப்பிராயத்தைச் சுமந்துகொண்டுதான் 2023-ஆம் வருஷக் கோடை விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவனிடம் ஒரு பழைய மஸ்டா எம்.எக்ஸ். 5 இருக்கிறது. ஜப்பானியர் 1989-ல் வெளியிட்ட ஸ்போர்ட்ஸ் கார். இருவர்தான் உட்காரலாம்; குடும்பத்தோடு கோவிலுக்குப் போக உதவாது. ஆயினும் ஆறு வருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அதன்மேல் அவனுக்கு உயிர்.

காலையில் கிளப்பியதும் எஞ்சினின் தலைப்பக்கத்திலிருந்து 'டிக், டிக்' என்று சப்தம் வந்தது. "எண்ணெய் மாற்ற வேண்டும், அண்ணா" என்றான். கடையில் அவன் 10 டபிள்யூ 30 டப்பாவை எடுக்க, நாம் 20 டபிள்யூ 50-ஐச் சுட்டிக் காட்டினோம். 40 பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அல்லவா? தம்பி எதிர்த்துப் பேசவில்லை. வண்டியின் புத்தகத்தைக் கொடுத்து, "நீங்களே பாருங்கள்" என்றான்.

பார்த்தோம், விளங்காததை அவன் விளக்கினான். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குறையக் குறைய, எண்ணெய் குளிரில் இளக்கமாக ஓடும். பின்னுள்ள எண், 100 டிகிரி சூட்டில் அதற்குள்ள தடிப்பைக் குறிக்கும். இந்த வண்டியில் வால்வுகளின் இடைவெளியைச் சரிக்கட்டும் சிறு உறுப்புகள் எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்கின்றன. நுண்ணிய துவாரங்கள் வழியே எண்ணெய் ஏறினால்தான் அவை வாயை மூடும். சென்னை வெயிலுக்குப் பொருந்திய குழம்பு, அந்த ஊர் மார்கழிக் குளிரில் எங்கே ஏறும்? 10 டபிள்யூ 30-ஐயே வாங்கினோம்.

தோல்விக்கு ஈடாக, மாற்றும் வேலையை நாமே ஏற்றுக்கொண்டோம். எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, வண்டியை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, அடியிலுள்ள திருகாணியைக் கழற்றினோம். கரிய எண்ணெய் தட்டில் வழிந்தது. பில்டர்தான் வம்பு. வலப்புறத்தில் காற்றுக் குழாய்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும் அதை, மல்லாந்து படுத்துக் கையை வளைத்துத் தடவித்தான் பிடிக்க முடியும். ஒருவாறு கழற்றி, புதியதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே முறுக்கினோம். ஏறக்குறைய 3.5 லிட்டர் ஊற்றிக் கிளப்பினோம்.

அடுத்த க்ஷணம் தரையெல்லாம் எண்ணெய்! தம்பி பாய்ந்து சாவியைத் திருப்பி நிறுத்தினான். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பாராமல் அதன் மேலேயே புதியதைப் பொருத்திவிட்டோம். இரட்டை வளையம் அழுத்தத்தைத் தாங்குமா? இன்னும் சிறிது நேரம் ஓடியிருந்தால் எண்ணெயின்றி பேரிங்குகள் போயிருக்கும். ஆறு வருஷச் சேமிப்பும் போயிருக்கும்.

நாம் வாய் திறக்கவில்லை. தம்பி வளையத்தை எடுத்தெறிந்து, பில்டரை மறுபடி பொருத்தி, குறைந்த எண்ணெயை ஊற்றி, அளவுக்கோலைத் துடைத்துப் பார்த்தான். பிறகு, "பழைய எண்ணெயைக் கழிவு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், அண்ணா, டப்பாவை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான். மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை அவன் வண்டியைக் கிளப்பியபோது, ஜன்னலோரம் நின்று காது கொடுத்தோம். நான்கைந்து 'டிக்' கேட்டது. பிறகு சப்தம் நின்றுவிட்டது.