சலரோகக்காரிக்குத் தனிப் பானை வேண்டாம்

எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு மூன்று பெயர்கள் உண்டு. பழைய ஆட்கள் சலரோகம் என்பார்கள். கிளினிக் கொப்பியில் நீரிழிவு என்று எழுதியிருக்கும். அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி வாங்க நிற்கும் பெண்கள் "எனக்கும் சீனி வந்திட்டுது" என்று சொல்லிக்கொள்வார்கள். இந்த மூன்றாவது பெயரால் ஒரு குழப்பம் உண்டாகிறது. வருத்தத்தின் பெயர் சீனி என்றால், சீனியை விட்டுவிட்டால் வருத்தமும் விட்டுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். தேத்தண்ணியை வெறும் சாயமாகக் குடித்துவிட்டு, மத்தியானம் கோப்பை நிறையச் சோற்றைக் குவித்துச் சாப்பிடுகிறார்கள். சோறும் பாணும் புட்டும் இடியப்பமும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறுகின்றன. ஒரு தேத்தண்ணிக் கப் அளவு சோற்றில் உள்ள மாப்பொருள் ஏறக்குறைய மூன்று துண்டுப் பாணில் உள்ளதற்குச் சமம். நாங்கள் சாப்பிடுவது ஒரு கப் அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

எனக்கு இது 2006 ஆம் ஆண்டு பிடிபட்டது. அந்த ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டுக்குச் சாமான்கள் கப்பலில் வரவேண்டியிருந்த காலம். சங்கக்கடை வாசலில் குடும்ப அட்டையோடு விடியமுன்னமே வரிசை நிற்கும். "சிவப்பரிசிச் சோறு அளவாச் சாப்பிடுங்கோ, மரக்கறி கூடச் சேருங்கோ" என்று டொக்டர் சொன்னார். நல்ல புத்திதான். ஆனால் கப்பலில் எது வந்ததோ அதுதான் பானைக்குள் போனது. என் வளவில் நின்றவை இரண்டு முருங்கையும் ஓர் அகத்தியும், வேலியில் படர்ந்த முசுட்டையும், கிணற்றடியில் வல்லாரையும். அவற்றை வைத்துத்தான் நான் தொடங்கினேன்.

அதே காலத்தில், 2005-2006 இல், இலங்கையில் நீரிழிவு பற்றிப் பெரிய ஆய்வொன்று நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்த நோய் இருப்பதாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அது இருப்பதே தெரியாதிருந்ததாகவும் கண்டார்கள். ஏழு மாகாணங்களில்தான் அந்த ஆய்வு நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் சேர்க்கப்படவில்லை. கணக்கில் எங்களை எடுக்காவிட்டாலும் வருத்தம் எங்களை எடுத்துத்தான் வைத்திருந்தது. 35 வயது தாண்டிய பெண்கள் சுகவனிதையர் கிளினிக்கில் காசில்லாமல் பரிசோதித்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, திரும்பப் பார்க்கும்போதும் அப்படியே இருந்தால் அது நீரிழிவு.

நோய் என்று தெரிந்தவுடன் பலர் செய்வது தனிச் சமையல். குரக்கன் மா வாங்குவார்கள், ஓட்ஸ் வாங்குவார்கள். இரண்டு கிழமை நடக்கும். பிறகு விறகும் காசும் நேரமும் காணாது. உழைக்கிறதும் சமைக்கிறதும் ஒரே ஆளாக இருக்கும் வீடுகளில் இரண்டு அடுப்பு எரிய முடியாது. ஆகவே நான் பானையைப் பிரிக்கவில்லை. என்னுடைய கோப்பையை மட்டும் பிரித்தேன். பாதிக் கோப்பைக்கு இலைக்கறியும் மரக்கறியும். கால் பங்குக்குப் பருப்போ பயறோ கடலையோ, இருந்தால் சூடை மீனோ கீரி மீனோ. மிச்சக் கால் பங்குக்குச் சோறு. சோற்றைக் கடைசியாகப் போட வேண்டும். முதலில் சோற்றைப் போட்டால் மற்றதுக்கு இடம் இராது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தார் எங்களுடைய சோறு கறியையே ஆராய்ந்து, கறிகள் சேரும்போது இரத்தத்தில் சீனி ஏறும் வேகம் எப்படி மாறுகிறது என்று 2010 இல் எழுதினார்கள். இலைக்கறி சேர்ந்த சோறு, வெறும் குழம்போடு பிசைந்த சோற்றைவிட மெதுவாகத்தான் சீனியை ஏற்றும்.

மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எங்களைப் பசியில்லாமல் படுக்க வைத்தது கோதுமை மாதான். 1995 ஐப்பசியில் ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு ஓடியபோதும், 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்த எங்கள் உறவுகளுக்கும் நிவாரணமாகக் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். அது உயிரைக் காத்தது, அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் இன்றைக்கும் ரொட்டி, பாண், வெள்ளை மாப் புட்டு என்று மூன்று நேரமும் மாவிலேயே நிற்கிறோம். நான் புட்டுக்குக் கோதுமை மாவைக் குறைத்துச் சிவப்பரிசி மாவைக் கூட்டினேன். சுண்ட அரிந்த முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அவித்தால் இரண்டு பிடியிலேயே வயிறு நிறையும். பிள்ளைகள் முதல் நாள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு கேட்டுச் சாப்பிட்டார்கள். ஒடியல் மாவிலும் நார்ச்சத்து உண்டு. கூழ் காய்ச்சினால் பயற்றங்காய், இலை, மீன் எல்லாம் கூடப் போகும். குரக்கன் என்றபடியால் அள்ளிச் சாப்பிடலாம் என்று நினைக்கக் கூடாது. குரக்கனும் மாப்பொருள்தான், அளவு அதற்கும் உண்டு.

இனிப்பு விஷயத்தில் எங்களுக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. 1990 இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு சீனி விலை கைக்கெட்டாது. ஒரு சின்னப் பனங்கட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து, கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடித்த தலைமுறை நாங்கள். பாதை திறந்து சீனி மலிந்ததும் அந்தக் குறையைத் தீர்ப்பதுபோலக் கரண்டி கரண்டியாகப் போட்டோம். நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி என்றால் ஒரு ஆள் மூன்று கிழமைக்குள் ஒரு கிலோ சீனி குடித்துவிடுகிறாள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி சாப்பிட்டால் பிழையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பனங்கட்டியும் சீனிதான். போத்தல் சோடாக்களில் 2016 இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறப் புள்ளி போடுகிறார்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. வாசிக்கத் தெரியாத பாட்டிகூட அந்தப் புள்ளியைப் பார்த்து வைத்துவிடலாம். மாம்பழக் காலத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. கறுத்தக்கொழும்பானை முற்றாக விட மாட்டேன். சாப்பாட்டோடு சேர்க்காமல், பின்னேரம் ஒரு கன்னத்துண்டு.

இத்தனையையும்விட எங்கள் பெண்களை விழுத்துவது நேரம். என்ன சாப்பிடுகிறோம் என்று நூறு பேர் கேட்பார்கள், எப்போது சாப்பிடுகிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. எங்கள் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் நடவும் புல்லுப் பிடுங்கவும் கூலிக்குப் போகும் பெண்கள் காலை ஆறரைக்கே வெளிக்கிடுவார்கள். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, தங்களுக்கு ஒரு தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியோடு குளிசையையும் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் குனிந்துவிடுவார்கள். பக்கத்துக் காணியில் வேலை செய்த அக்கா ஒருவர் ஒருநாள் பதினொரு மணியளவில் வரம்பிலேயே சரிந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத மறுமொழி. வெயில் பட்டுவிட்டது என்று தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவவின் மகள்தான் ஓடிவந்து, "அம்மா காலமை சாப்பிடேல்லை, குளிசை மட்டும் போட்டவ" என்றாள். சீனி கூடியதால் அல்ல, குறைந்ததால் விழுந்திருக்கிறார்.

இது தெரிந்திருக்க வேண்டியது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சாப்பாடு இல்லாவிட்டாலும் தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி வருவது அரிது. நடுக்கம், வியர்வை, கண் மங்கல், திடீர்ப் பசி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தரம். தெளிந்த பிறகு இரண்டு துண்டுப் பாணோ கொஞ்சச் சோறோ. மயங்கிக் கிடப்பவரின் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓட வேண்டும். அந்த அக்கா இப்போது சேலைத் தலைப்பில் பனங்கட்டித் துண்டொன்றை முடிந்துகொண்டுதான் தோட்டத்துக்குப் போகிறார். காலையில் பழஞ்சோறு ஒரு பிடி, நேற்றைய மீன் குழம்போடு, நின்றபடியாவது சாப்பிட்டுவிட்டுத்தான் குளிசை.

வீட்டில் இருக்கும் பெண்களின் நிலையும் இதுதான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மூன்று மணிக்குச் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறோம். மிஞ்சுவது பெரும்பாலும் சோறுதான். மீனும் மரக்கறியும் முதலே முடிந்துவிடும். பசியும் அதிகம், சோறும் அதிகம். எறிய மனமில்லாமல் அதையும் வழித்துச் சாப்பிடுவோம், முகாமில் பழகிய பழக்கம். நான் சமைத்து இறக்கியவுடன் என் பங்கு இலைக்கறியை ஒரு சின்னச் சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுவேன். மாமி முதலில் ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு அவவே "பிள்ளை, உன்ர சட்டியை எடுத்து வைச்சனியோ?" என்று கேட்கத் தொடங்கினா.

விரதம் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருக்கிறா. 2009 இல் மகன் காணாமற்போன நாளிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு நேரம்தான் சாப்பிடுவா. நீரிழிவு வந்த பிறகும் விடவில்லை. "நான் சாப்பிட்டால் அவன் எங்கயோ பசியோட இருக்கிற மாதிரிக் கிடக்கு, தங்கச்சி" என்றா. இதற்கு என்ன புத்தி சொல்வது? விரதத்தை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், வெள்ளிக்கிழமை இவ சாப்பிட மாட்டா என்பதை மறைக்காமல் சொல்ல வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. அந்த ஒரு நாளுக்குக் குளிசையின் நேரத்தையும் அளவையும் மாற்றி எழுதிக்கொடுத்தார். நடுக்கம் வந்தால் விரதம் என்று பாராமல் சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வாக்கும் வாங்கினார். அது அவவுக்கு எழுதிய ஒழுங்கு. உங்களுடைய குளிசைக்கு உங்களுடைய டொக்டரைத்தான் கேட்க வேண்டும். கந்தசஷ்டிக்கும் தவக்காலத்துக்கும் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பாகற்காய், குறிஞ்சா, வெந்தயம் பற்றிப் பலரும் கேட்பார்கள். சாப்பாடாக நல்லவை, நானும் பாகற்காய் வாரத்தில் இரண்டு தரம் சமைப்பேன். ஆனால் குளிசையை நிறுத்திவிட்டுக் கசாயத்தை நம்பியிருப்பது ஆபத்து. 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது சிலர் அப்படித்தான் இருந்தார்கள். கால் புண் ஆறாமல் அலைந்தவர்களை நான் கண்டேன். தோட்டத்துக்கு வெறுங்காலோடு போகாதீர்கள். இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். முள் குத்தியது தெரியாமலே இருக்கும்.

கிளினிக் நாளில் வெறும் வயிற்றோடு போகிறோம். இரத்தம் எடுத்து, கொப்பி அடுக்கி, டொக்டரைக் காணப் பத்து, பதினொரு மணியாகிவிடும். அதுவரை பட்டினி இருக்கத் தேவையில்லை. இரத்தம் எடுத்து முடிந்ததும் சாப்பிடலாம். ஆனால் வாசலில் விற்கும் பணிசும் சோடாவும் வேண்டாம். நானும் அந்த அக்காவும் வாழையிலையில் புட்டும் முருங்கையிலை வறையும் கட்டிக்கொண்டு போவோம். காலைக் குளிசையையும் அதே பையில் போட்டுக்கொள்வோம்.