இரண்டு கணு உமி

ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. மாட்டுக் கொட்டகையில் ஒரு ஓரத்தைத் தடுத்து ஒதுக்கியிருந்தார்கள். வீட்டுக்கார அம்மா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் திண்ணையில். விருந்தாளிக்கு வேறென்ன வேலை?

சாயங்காலம் முப்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வருகின்றன. தகரத்தை வட்டமாக வளைத்துக் கட்டியாயிற்று. மூலை இருந்தால் குளிருக்கு அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நடுவில் 60 வாட் குண்டு பல்பு தொங்கியது. குஞ்சுக்கு 2 வாட் கணக்கு.

வீட்டுக்காரர் மொபெட்டிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினார். மர அறுவை மில்லில் சும்மா கிடைத்த தூள். காசு மிச்சம் பிடித்த களை முகத்தில். அந்த அம்மா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஊதினார். புகையாய்ப் பறந்தது.

“வேண்டாமுங்க. மாவாட்டம் இருக்குது. தீனின்னு பொறுக்குனா தீனிப்பையில அடைச்சுக்கும்.”

மூட்டை எருக்குழிப் பக்கம் போனது. வீட்டுக்காரர் வாதாடவில்லை, பழக்கப்பட்டவர் போலிருக்கிறது.

அடுத்து ரைஸ் மில் உமி, மூன்று சாக்கு. ஒவ்வொன்றிலும் அந்த அம்மா அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். இறுக்கிப் பிடித்து விரித்தார். கட்டியாக நின்றால் ஈரம். முதல் இரண்டும் பொலபொலவென்று உதிர்ந்தன. மூன்றாவது கட்டியாகவே நின்றது. மோந்து பார்த்தவர், முகத்தைச் சுளித்துச் சாக்கையே வெளியே தள்ளினார். பூசண வாடை. ஈர உமியில் ரத்தக்கழிச்சல் வரும். பூசணம் பிடித்தது குஞ்சின் நுரையீரலைக் கெடுக்கும்.

நல்ல உமியைக் கொட்டிப் பரப்பி, ஆட்காட்டி விரலை அதில் நட்டார். இரண்டு கணு மறைந்தது. சுமார் இரண்டு அங்குலம். அளவுகோல் தேடவில்லை.

உமியையும் குஞ்சு கொத்தும். அதனால் முதல் சில நாளைக்கு மேலே காகிதம் வேண்டும். வீட்டுக்காரர் நீட்டியது ஒரு வாரப் பத்திரிகை, வழவழப்பான தாள். அதில் நடந்தால் குஞ்சின் கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பப்பரக்கா என்று விரிந்துவிடும், பிறகு நிற்காது. அந்த அம்மா அதை ஓரமாக வைத்தார். நான் எழுதுகிற பத்திரிகைதான்; கொஞ்சம் சுருக்கென்றது. பழைய செய்தித்தாளை எடுத்து, அதையும் கசக்கிப் பிரித்து, சுருக்கத்தோடு ஐந்து அடுக்காக விரித்தார். பல்பைப் போட்டார். வெகுநேரம் கழித்து, புறங்கையைத் தாளில் வைத்துச் சூடு பார்த்தார்.

இருட்டும் நேரத்தில் பெட்டி வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து அலகை வெல்லத் தண்ணீரில் நனைத்து உள்ளே விட்டார். ஒரு குஞ்சு தலைப்புச் செய்தியில் ஏறி நின்று, மெய்யெழுத்தின் புள்ளியைக் கொத்தியது. மறுபடியும் கொத்தியது. அந்த அம்மா மக்காச்சோளக் குருணையை அதன்மேல் தூவினார்.

ராத்திரி எட்டிப் பார்த்தேன். பல்புக்கு அடியில் குவியவும் இல்லை, தகரத்தோரம் ஒதுங்கவும் இல்லை. வட்டம் முழுக்கப் பரவலாகப் படுத்திருந்தன.

விடிந்து நான் கிளம்பும்போது, எச்சம் பட்ட மேல்தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அடியில் இன்னும் நாலு தாள் இருந்தன.